சாயம் போகிற சிவப்பு

விளையாட்டு அணிகளின் நிறங்களைத் தொகுத்துத் தரும் இணையதளம் அவருடையது. தம்பியும் அவன் அணியும் பேருந்தோடு ஆற்றில் மூழ்கிப் போன பிறகும் அந்த அணியின் பக்கத்தை அவர் நீக்கவில்லை. அங்கிருந்த சிவப்பு மட்டும் தானாக வெளுத்துக்கொண்டே வந்தது. சரிசெய்து வைப்பார், விடிந்தால் மறுபடி வெளுத்திருக்கும்.

"என் கொழுந்தன் துவைச்சுப் போடுறாரோ என்னவோ" என்பாள் மனைவி.

தம்பிக்குத் துவைக்கவா தெரியும்? சிவப்புச் சட்டையை வெள்ளையோடு ஊறவைத்துவிட்டு அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

இன்று காலை தளத்தைத் திறந்தார். மகன் ஆடுகிற அணியின் வெள்ளை, இளஞ்சிவப்பாகியிருந்தது.

"உங்க மகன் இப்பதான் பேசினான்," என்றபடி வந்தாள் மனைவி. "ஆட்டத்துக்கு பஸ் கிளம்பிடுச்சாம். யாரோ அவனுக்குன்னு ஜன்னல் சீட் பிடிச்சு வெச்சிருந்தாங்களாம். சீட்டுதான் சொதசொதன்னு ஈரமா இருக்காம்."