மூன்றாம் வருஷப் பழம்

பூத்த பூவையெல்லாம் ஒன்று விடாமல் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு புளூபெர்ரிச் செடிகளும் மொட்டைத் தலையாய் நின்றன.

"ஒரு கொத்தையாவது விட்டு வையேன், அழகா இருக்கே" என்றார் அவள் கணவர், துணிக்கடைக்காரர்.

"அழகுக்கு இலை இருக்கு. குளிர் வந்தா செக்கச்செவேல்னு ஆயிடும். முதல் ரெண்டு வருஷம் பூவைக் கிள்ளினாத்தான் செடி திடமாகும், மூணாம் வருஷம் கூடை கூடையாப் பறிக்கலாம்னு நர்சரிக்காரர் சொன்னாரே, காதுல விழலையா?"

விழுந்தது. போன வாரம் டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, அவள் வருகிற குளிரைத் தாண்டினாலே பெரிது என்றதும் விழுந்தது. அவளிடம் 'ரத்தம் கொஞ்சம் கம்மியாம்' என்று சொல்லி வைத்திருந்தார்.

"என் கண்ணாடி எங்கே?"

"உங்க தலையில."

நேராக நர்சரிக்குப் போனார். விலையைப் பேரம் பேசி ஜெயிக்காத நாள் கிடையாது. இன்று காலத்தைப் பேரம் பேசினார்.

"இந்த வருஷமே காய்க்கவிட்டா என்னப்பா?"

"விடலாம்ண்ணே. கைப்பிடிப் பழம் வரும், செடி இளைச்சுப்போகும்."

"கைப்பிடி போதும்."

"அதை அக்காகிட்ட சொல்லுங்க. கிள்றது அவங்கதானே."

அங்கேதான் சிக்கல். ஏன் என்று கேட்பாளே! சாயம் போகிற சேலையையும் சிரித்தபடி விற்ற வாய், வீட்டு வாசலுக்கு வந்ததும் ஒட்டிக்கொண்டது.

அவள் முக்காலியில் உட்கார்ந்து, பலகைத் துண்டுகளில் கறுப்புப் பெயின்டால் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் முயற்சியிலேயே ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு. எழுத்தோ ஆளுயரம்.

மழைத்தண்ணீர் மட்டும். சுண்ணாம்பு ஆகாது. நீலமானதும் நாலு நாள் பொறுத்துப் பறிக்கவும்.

"எனக்கு இந்த வருஷமே சாப்பிடணும்போல இருக்கு" என்றார் மெதுவாக.

"அறுபது வயசுல நாக்கு நீளத்தைப் பாரு" என்று சிரித்தபடி, இலைக்கடியில் ஒளிந்திருந்த கடைசிப் பூவையும் கிள்ளினாள். அவர் கை பாதி நீண்டு நின்றுவிட்டது.

பேச்சை மாற்ற, பலகையைக் காட்டினார். "அதென்ன, கடை போர்டு மாதிரி இவ்வளவு பெரிசா எழுதியிருக்கே?"

பலகையை மண்ணில் ஊன்றி, ஆடாதபடி அழுத்தினாள்.

"மூணாம் வருஷம் உங்க கண்ணாடியைத் தேடித் தர நான் இருக்க மாட்டேனே."