அப்பா காருக்குப் புது இன்ஜின்

"அப்பாவோட நெஞ்சைப் பிடுங்கி வெளியில போட்ட மாதிரி இருக்குடா!"

ஒர்க்‌ஷாப் வாசலிலேயே அக்கா ஆரம்பித்துவிட்டாள். உள்ளே ஒரு கிழிந்த சாக்கின் மேல், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது அப்பா காரின் பழைய இன்ஜின்.

"தூக்கிப் போடலைக்கா. பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்," என்றான் தம்பி.

"கார்ல இல்லையே!"

அப்பா போன பிறகு கார் தம்பிக்கு வந்தது. யாரும் போட்டிக்கு வரவில்லை. ஓடாத காருக்கு யார் வருவார்கள்? அதை மறுபடி ஓட வைக்கப்போகிறேன் என்று அவன் சொன்னபோது தலைகால் புரியாமல் குதித்தது அக்காதான். அதே வெளிர்பச்சை, அதே சீட்டுத் துணி, அதே ஹாரன் என்று போனிலேயே உத்தரவு போட்டாள். எல்லாவற்றுக்கும் 'சரிக்கா' சொன்னவன், இன்ஜின் விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை.

"பழசை விட ரெண்டு மடங்கு பவர் மேடம்," என்று பானெட்டைத் திறந்து காட்டினார் மெக்கானிக். "இது பெருசு இல்லையா, உள்ளே உட்காரவே மாட்டேன்னுடுச்சு. அங்கங்கே வெட்டி, புதுசா வெல்டு வெச்சு..."

"வெட்டினீங்களா?"

ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது மெக்கானிக்குக்கு. எதையோ தேடுகிற சாக்கில் உள்ளே நழுவிவிட்டார்.

அக்காவின் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கார் தெருமுனையில் திரும்பும்போதே, யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். உடனே அவள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிடுவாள். அப்பா போன பிறகும், எங்கேயாவது ஒரு பழைய வண்டி செருமினால் அவள் கண் தானாக வாசலுக்குப் போகும்.

"அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்கலாம்னுதான்டா இவ்வளவு தூரம் வந்தேன்." அவள் பழைய இன்ஜினைக் காட்டினாள். "அம்பது வயசுல உனக்கு எதுக்குடா இந்த வேகம்?"

"வேகத்துக்கு இல்லக்கா."

"பின்னே எதுக்கு?"

அவன் பானெட்டை மெல்ல மூடினான்.

"இதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டு. அதுவரைக்கும் இந்தக் கார்ல நான் கால் வைக்க மாட்டேன்."

"சரிக்கா. இன்னிக்கு ஒரு தடவை மட்டும் அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஏரிக்குப் போயிட்டு வருவோம். அப்புறமும் நீ சொன்னா, மாட்டிடறேன்."

வாக்கு வாங்கிக்கொண்டுதான் அக்கா ஏறினாள்.

அம்மா வழக்கம்போல முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவின் கை பட்டுத் தேய்ந்திருந்த ஸ்டியரிங்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டில் உர்ரென்று இருந்த அக்காவுக்கு, ஊர் எல்லை தாண்டியதும் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! பெரியப்பா பிள்ளைகளும் தொற்றிக்கொள்வார்கள். மடியில் ஒருத்தர், காலடியில் ஒருத்தர், நடுவில் சாப்பாட்டுப் பாத்திரம் என்று கார் பிதுங்கும்.

ஏரிக்கு முன்னால் ஒரு நீண்ட மேடு. அங்கே வந்ததும் கார் முக்கி முனகி நின்றுவிடும்.

"யாராவது ஒருத்தர் இறங்கினாத்தான் ஏறும்," என்பார் அப்பா.

"எனக்கும் கொஞ்சம் நடக்கணும் போல இருக்கு," என்று சிரித்துக்கொண்டே அம்மா இறங்கிவிடுவாள். நாலு வயதாகியும் தம்பி அவளை விட்டு இருக்கமாட்டான். அவனையும் இடுப்பில் வைத்துக்கொள்வாள். பின்கண்ணாடி வழியாக எல்லோரும் கையசைப்பார்கள். அம்மா சின்னதாகிக்கொண்டே போவாள், அவளும் கையசைப்பாள். அதைவிடச் சந்தோஷமான நாட்கள் தன் வாழ்க்கையில் இல்லை என்று அக்கா பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மேடு வந்தது. அம்மாவின் கை கதவுப் பிடிக்குப் போனது.

"நிறுத்துடா, இறங்கிக்கறேன்."

"உட்காரும்மா. ஏறிடும்."

"ஏறாதுடா. நான் இறங்கினாத்தான் ஏறும்."

அம்மா பிடியை விடவேயில்லை. கார் மூச்சு வாங்காமல், முனகாமல், சமவெளியில் போவது போல ஏறி உச்சியில் போய் நின்றது. கீழே ஏரி தகதகவென்று மின்னியது.

"அடேயப்பா, இப்படியா மின்னும்!" என்றாள் அம்மா. "அப்பல்லாம் நான் நடந்து வந்து சேர்றதுக்குள்ள வெயில் சாஞ்சிடும். உங்களுக்கும் பசி வந்துடும். சாப்பாடு போடத்தான் சரியா இருக்கும்."

தம்பி தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான்.

"நீங்க எல்லாரும் உள்ளே இருந்தீங்கக்கா. நான் அம்மா இடுப்புல இருந்தேன். மேடு முடியற வரைக்கும் அவங்களுக்கு மூச்சு இரைக்கும். அது இன்னும் என் காதுல இருக்கு."

அம்மா கதவைத் திறந்து மெல்ல இறங்கினாள். காலில் வெள்ளை ஷூ. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கடை கடையாகத் தேடி அக்கா வாங்கி அனுப்புகிற, நடைப்பயிற்சிக்கான ஷூ.

"அம்மா... உனக்கு நடக்கறதுன்னா உயிருன்னு நினைச்சேனேம்மா!"

அம்மா ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு நடக்கறதுன்னாலே ஆகாதுடி."