செவலைக்கு என்ன விலை?

"முப்பத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. சரின்னா கயித்தக் குடு, இல்லன்னா ஓட்டிட்டுப் போ."

இதைச் சொன்னவர் பால்காரம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நூற்றைம்பது மாடு வைத்திருக்கும் பண்ணைக்காரர் அவர். சந்தையில் அவருக்குப் பெயரே 'கறார்'தான்.

அவருக்குப் பின்னால் வந்த மற்ற இரண்டு பண்ணைக்காரர்களும் அதே முப்பத்தைந்தைத்தான் சொன்னார்கள். மூன்று பேரும் காலையிலேயே சந்தை வாசலில் நின்று பேசி முடித்திருந்தார்கள். நான்கு மாதமாக மழை இல்லை. தீவனம் விற்கிற விலைக்கு, நாலு மாடு வைத்திருக்கிறவர்கள் எப்படியும் விற்றுத்தான் ஆக வேண்டும். நல்ல நாளில் இதே மாடு அறுபதுக்குக் குறையாது என்பது மூவருக்கும் நன்றாகவே தெரியும்.

பால்காரம்மாவோடு அவள் தெருப் பெண்கள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்குமாகச் சேர்த்துப் பன்னிரண்டு மாடுகள். அதில் அவளுடையவை இரண்டு. ஒன்று கறுப்பு, இன்னொன்று செவலை. கடைசி வீட்டுக்காரி போன வாரமும் இதே விலையைக் கேட்டுத் திரும்பியவள். பேசாமல் கொடுத்துவிட்டுப் போய்விடலாமே, மகளுக்குக் கல்லூரியில் பணம் கட்ட வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று முணுமுணுத்தாள். கொஞ்சம் பொறு என்றாள் பால்காரம்மா.

பதினோரு மணிக்கு ஒரு புது ஆள் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் தோல்பை. சந்தைக்காரர்கள் யாரும் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கோ புதிதாகப் பண்ணை வைக்கிறாராம், முப்பது மாடு வேண்டுமாம் என்ற செய்தி, அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சந்தை முழுக்கப் பரவிவிட்டது.

நேராகச் செவலையிடம் வந்தார். பல்லைப் பார்த்தார். குனிந்து மடியைத் தொட்டார். செவலை வாலைக்கூட ஆட்டாமல் நின்றது.

"அம்பது" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பால்காரம்மா மட்டும் அசரவில்லை.

"அம்பதுக்கு இதோட நிழலக்கூட ஓட்டிட்டுப் போக முடியாது."

உனக்கென்ன பைத்தியமா என்று கடைசி வீட்டுக்காரி அவள் காதைக் கடித்தாள். வந்தவர் ஐம்பத்தைந்து என்றார். மாடு வாங்க வந்தவர் மாதிரி தெரியவில்லை, பொழுதுபோக்க வந்தவர் மாதிரிதான் தெரிகிறது என்று பால்காரம்மா பதில் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மரியாதையாகப் பேசு என்று சொல்லிவிட்டுப் பத்தடி நடந்தார். கூட்டமே அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"அறுபத்திரண்டு. இதுக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

பால்காரம்மா வேண்டா வெறுப்பாகக் கயிற்றை நீட்டினாள். அவர் எல்லார் முன்னாலும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். மற்ற பதினொன்றும் யாருடையவை என்று விசாரித்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அவற்றையும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, செவலையைத் தன் சிறிய லாரியின் பின்னால் கட்டிவிட்டுப் போனார்.

கறாருக்கு வியர்த்தது. அடுத்த மாதத்திலிருந்து தினம் நூறு லிட்டர் பால் கூடுதலாகத் தருவதாக ஒரு பால் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். புது ஆள் முப்பது மாட்டையும் அள்ளிக்கொண்டு போய்விட்டால் பாலுக்கு எங்கே போவது? பால்காரம்மாவின் கறுப்பு மாட்டுக்கு நாற்பது என்றார். பிறகு நாற்பத்தைந்து என்றார். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

அதற்குள் இன்னொரு பண்ணைக்காரர் கடைசி வீட்டுக்காரியின் மாட்டுக்கு ஐம்பத்தெட்டு சொல்லிவிட்டார். கறார் அவரை முறைத்தார். "உனக்காக நான் வெறுங்கையோட போக முடியுமாய்யா?" என்றார் அவர். அதோடு காலையில் பேசிய பேச்சு காற்றில் போனது. அதற்கப்புறம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் பதினோரு மாடும் கைமாறின. எதுவும் அறுபதுக்குக் கீழே போகவில்லை. கறுப்பு மாட்டை அறுபத்துநாலுக்குக் கறாரே வாங்கினார். பணத்தைக் கொடுக்கும்போதுதான் முதல்முறையாகப் பால்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

கடைசி வீட்டுக்காரி பணத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது. கட்டணத்தையும் கட்டிவிடலாம், வீட்டில் இருக்கும் மாட்டுக்கு ஆறு மாதத் தீவனத்தையும் வாங்கிப் போடலாம் என்றாள்.

புது ஆள் சாப்பிட்டுத் திரும்பியபோது அந்தப் பெண்களிடம் விலை பேச ஒரு மாடுகூட மிச்சமில்லை. கறாருக்கு அதில் ஒரு திருப்தி.

"வியாபாரத்துல முந்திக்கணும் தம்பி. நின்னு சாப்பிட்டுட்டு வர்றதுக்கு இது கல்யாண வீடு இல்ல."

புது ஆள் தலையைக் குனிந்துகொண்டு செவலையை லாரியில் ஏற்றினார். பெண்கள் ஐந்து பேரும் பஸ் ஏறிப் போனார்கள். பால்காரம்மா தனக்குக் கொஞ்சம் வேலை இருப்பதாகச் சொல்லிப் பின்தங்கினாள்.

சந்தையைத் தாண்டி, இரண்டாவது திருப்பத்தில் லாரி நின்றது. பால்காரம்மா கதவைத் திறந்து முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்த அறுபத்திரண்டாயிரத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"உன் பணத்தப் பத்திரமா வச்சுக்க அண்ணே. வண்டிய நேரா நம்ம வீட்டுக்கு விடு, செவலையக் கறக்குற நேரமாச்சு."