பச்சைப் பாக்கெட்

தைப்பே கணினிச் சந்தையின் கூரையில் மழை இரைகிறது. கருகிய மதர்போர்டை மேசையில் வைத்துவிட்டு, பிராசஸரை உள்ளங்கையில் பொத்தி நிற்கிறார் யாவ்டிங். கடைக்காரி பெய்ஜுன் விளக்கைச் சாய்த்து இரண்டு புதிய போர்டுகளைக் காட்டுகிறாள். "ரெண்டுலயும் இது உக்காரும் அண்ணே. ஆனா வேகத்தை ஏத்தணும்னா இந்த ஒண்ணுதான். இந்த வயசுல யாரைத் துரத்தப் போறீங்க?"

"ஏத்தினாத்தான் ஃபேன் இரையும். வீட்ல வேற சத்தமில்ல."

"இங்க எல்லாரும் வைக்கிற மாதிரி, மெஷின் சொன்ன பேச்சு கேக்க, மேல பச்சைப் பாக்கெட் பொரி வெச்சீங்களா?"

வெளுத்துப்போன தேங்காய்ப் பொரி பாக்கெட்டை அவர் பையிலிருந்து எடுக்கிறார். அவள் தேதியைப் பார்த்துச் சிரிக்கிறாள். "காலாவதியானதை வெச்சா கருகாம என்ன செய்யும்? தூக்கிப் போடுங்க!"

"என் சம்சாரம் கடைசியா வெச்சது."

அவள் சிரிப்பு நின்றுபோகிறது. போர்டுப் பெட்டியோடு புதுப் பாக்கெட் ஒன்றைக் கட்டித் தருகிறாள். அவர் பழையதை, பொரி நொறுங்காமல், மழைச்சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போடுகிறார்.