பொய்ச் சைரன்

சைரன் அலறியதும், ஆலைக்குப் புதிதாக வந்த புரோகிராமர் வினோதினி அப்படியே நின்றுவிட்டாள். பாய்லர் ஷெட்டுக்குள்ளிருந்து ஓடிவந்த தொழிலாளி அன்புமணிதான் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"நிக்காதீங்க மேடம், ஓடியாங்க."

ஆலை வாசலில் எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"வெடிக்கப் போவுதாண்ணே?" என்று அவரிடம் கேட்டாள்.

"பாய்லரைக் கிளப்பினாலே இப்படித்தான் கத்தும். பொய்தான். ஆனா ஒருநா நெசமா இருந்துட்டா? அந்த ராஜமாணிக்கத்தைப் பாருங்க, ஒத்தச் செருப்போட வந்திருக்கான்."

மேனேஜர் ஜெயப்பிரகாஷ் வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"உனக்கு முன்னாடி இருந்த நாசர் எழுதின சைரன் புரோகிராம்தாம்மா. அரைகுறை. அதான் அனுப்பிட்டோம். கிளப்புறப்பல்லாம் வேலை கெடுது. இன்னிக்கு சரி பண்ணிடு, உன்னை நிரந்தரம் பண்ணிடலாம்."

சிதம்பரத்திலிருந்து தினம் பஸ்ஸில் தொங்கி வருகிறவளுக்கு அந்த வார்த்தை போதும்.

தேடினாள். கிடைத்துவிட்டது.

எல்லா மெஷினுக்கும் பொதுவாக ஒரு பேரன்ட் கிளாஸ், அதாவது தாய் நிரல். பாய்லருக்கென்று அதன் கீழே ஒரு சைல்டு கிளாஸ், பிள்ளை நிரல். எந்தப் பிரஷரைத் தாண்டினால் சைரன் அடிக்க வேண்டும் என்ற அளவு சைல்டில் இருக்கிறது. ஆனால் பாய்லரைக் கிளப்பும்போது முதலில் எழுவது பேரன்ட். எழுந்த கையோடு அளவைக் கேட்டுவிடுகிறது. சைல்டுக்கு அப்போது அளவே வந்து சேர்ந்திருக்காது. வெறும் பூஜ்யம். துளி பிரஷர் ஏறினாலும் சைரன்.

ஒரு வரியை மாற்றினால் தீர்ந்தது. மாற்றினாள். ஆத்திரம் அடங்காமல், கடலூரில் மொபைல் கடை வைத்திருக்கும் நாசருக்கு போன் போட்டாள்.

"அண்ணே, பேரன்ட் முதல்ல, சைல்டு அப்புறம். இதுகூடத் தெரியாமலா பாய்லருக்கு எழுதினீங்க?"

"தெரியும் தங்கச்சி."

"தெரிஞ்சேவா விட்டீங்க?"

"கிளப்புற நேரந்தான் பாய்லர் வெடிக்கிற பயம். அப்ப ஷெட்டுல ஆளுங்க வேணாம்னு எவ்ளோ கெஞ்சினேன். வேலை கெடும்னாரு மேனேஜர். சைரன் அடிச்சா மட்டும் அவராலயும் யாரையும் உள்ள நிறுத்த முடியாது." அவர் குரல் இறங்கியது. "மாத்திட்டியாம்மா?"

இன்னும் சேவ் பண்ணவில்லை. ஜன்னலுக்கு வெளியே அன்புமணி மறுபடி ஷெட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார்.

"என்னம்மா, பிடிச்சிட்டியா?" பின்னால் மேனேஜர்.

போனை அணைத்தாள். மாற்றிய வரியைப் பழையபடியே ஆக்கினாள்.

"இல்ல சார். நாசருக்குத் தெரிஞ்ச அளவுதான் எனக்கும் தெரியுது."