அவிழ்ந்துகொண்டே இருந்த லேஸ்

“மலையெல்லாம் ஏறுவீங்களா தம்பி?” என்று நர்ஸ் அக்கா கேட்டபோது, “வாரா வாரம் ஏறுவேன்க்கா!” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

நான் மலைக்குப் போனது ஒரே ஒரு தடவை. பஸ்ஸில். அதிலும் வழியெல்லாம் வாந்தி.

வேறென்ன செய்ய? வேலைக்காக நாடு விட்டு நாடு வந்து நாலு மாசம். நான் தமிழில் பேசினால் கேட்பதற்கு அறையில் என் கண்ணாடி மட்டும்தான். அடுக்குமாடியின் சலவை அறையில் இந்த அக்கா போனில் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டதும் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் மலை ஏறுவார்களாம். இந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளாவிட்டால் எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஞாயிறு காலை. மலையடிவாரம்.

“தம்பி இதுல பெரிய ஆளு” என்று அக்கா அறிமுகப்படுத்தினார்.

“அப்போ தலைவரே, நீங்க முன்னால போங்க!” என்றார் லாரி ஓட்டும் அண்ணன். கூட வந்த பல் டாக்டரும் வழிவிட்டார்.

கால் மணி நேரம் தலைவர் முன்னால்தான் போனார். அப்புறம் நாக்கு தள்ளிவிட்டது. உட்கார்ந்தால் மானம் போகும், உட்காராவிட்டால் உயிர் போகும்.

“கொஞ்சம் நில்லுங்க தம்பி. ஷூ லேஸ் அவிழ்ந்துடுச்சு!” பின்னாலிருந்து அக்கா.

“என்னக்கா நீங்க!” என்று அலுத்துக்கொண்டே பாறையில் சாய்ந்து, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தேன். அந்த லேஸுக்குக் கோயிலே கட்டலாம்.

பத்து நிமிஷத்தில் மறுபடி அவிழ்ந்தது. அப்புறம் மறுபடி. ஒவ்வொரு தடவையும் அக்கா குனிந்து கட்டி நிமிர அஞ்சு நிமிஷம்.

மூச்சு திரும்பியதும் எனக்கு வாயும் திரும்பிவிட்டது.

“லேஸ் கட்டத் தெரியாமலா மலை ஏற வந்தீங்க? ரெட்டை முடிச்சு போடணும்க்கா.”

“சரிங்க தம்பி.”

பல் டாக்டர் ஏனோ திரும்பிக்கொண்டு இருமினார்.

ஒருவழியாக உச்சி. போட்டோவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “அக்காவோட லேஸ் மட்டும் இல்லேன்னா, ஒரு மணி நேரம் முன்னாடியே வந்திருப்பேன்.”

லாரி அண்ணன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையில் ஒரு ஆப்பிளைத் திணித்தார்.

“ஆமா, இன்னிக்கு என்னாலதான் எல்லாருக்கும் லேட்டு” என்றார்.

மாலை, கீழே கார் பக்கத்தில் எல்லோரும் ஷூவில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரே கவலை. அடுத்த வாரம் கூப்பிடுவார்களா, மாட்டார்களா?

“அடுத்த ஞாயிறும் வந்துடுங்க தம்பி. நீங்க இல்லாம எப்படி?” என்றார் அக்கா.

உச்சி குளிர்ந்துவிட்டது. அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

“வர்றேன்க்கா. அதுக்குள்ள அந்த லேஸை மட்டும் மாத்திடுங்க” என்றேன்.

“கண்டிப்பா” என்று சிரித்தபடி அக்கா கார் படியில் உட்கார்ந்து, அசதியில் கால்களை நீட்டி, ‘டர்ர்ர்’ என்று வெல்க்ரோ பட்டையைப் பிரித்து ஷூவைக் கழற்றினார்.

இரண்டு ஷூவிலும் லேஸே இல்லை.