ஜெபத்தின் பாதியில் போன வைஃபை

டிவியில் ஜெயா சிஸ்டரின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன்.

"எவலினைக் குறித்து ஆண்டவர் சொல்லுகிறது என்னவென்றால்..." அதோடு நின்றிருந்தது.

எவலின் என் அக்கா. பினாங்கில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அனுப்பலாமா என்பதை அப்பா சிஸ்டரின் ஜெபத்துக்கு விட்டுவிட்டார். சிஸ்டரோ, பட்டணத்துக்குப் போய்க் கெட்டுப்போன பிள்ளைகளைப் பற்றியே அதுவரை பேசிக்கொண்டிருந்தார்.

ஈப்போவிலிருந்து வெள்ளிதோறும் சிஸ்டரின் ஜெப நேரலை. எங்கள் தோட்டத்து லய வரிசையில் எங்கள் வீட்டில்தான் வைஃபை. தேயிலைக் காட்டில் பனி இறங்கினால் அது படுத்துவிடும்.

ஆனால் அந்த இடத்திலா?

அக்காவின் மூடிய இமை துடித்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது கண்ணைத் திறப்பார்கள்.

நான் டிவிக்குப் பின்னால் குனிந்தேன். பள்ளி வேனில் தோழிகளைச் சிரிக்கவைக்க சிஸ்டர் மாதிரி பேசிக்காட்டுவேன். வாக்கியத்துக்கு ஒருமுறை மூக்கை உறிஞ்சினால் போதும், சிஸ்டர் வந்துவிடுவார்.

"மகள் போகட்டும்." உறிஞ்சினேன். "நான் அவளோடு இருப்பேன் என்கிறார். ஆமென்."

"ஆமென்" என்றார்கள் எல்லாரும். அப்பாவுடையதுதான் பெரிய சத்தம்.

கண்ணைத் திறந்த மார்கஸ் மாமா டிவியைப் பார்த்தார். "ஜெபம் முடியிற வரைக்கும் தாங்கிப் புடிச்சிருக்குலா. இந்த வைஃபைக்கும் விசுவாசம் இருக்கு."

அப்பா அப்போதே அக்காவின் துணிப்பெட்டியை இறக்கி, அவள் முன்பே அடுக்கிவைத்திருந்ததை வெளியே எடுத்துப்போட ஆரம்பித்தார். "பினாங்கு வெயிலுலா. இத்தன ஸ்வெட்டர் எதுக்கு, விக்கப் போறியா?"

அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா எல்லாருக்கும் இன்னொரு சுற்று தேநீர் கொடுத்தார்.

நானோ ஆண்டவர் பெயரிலேயே பொய் சொல்லிவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு, வைஃபை பெட்டியை மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்று போனேன். பனியால் போனால் சிவப்பு விளக்கு மினுக்கும். இன்று ஒரு விளக்குகூட இல்லை.

சுவரில் சுவிட்ச் அணைந்திருந்தது.

ஜெபம் முழுவதும் அந்தச் சுவரோரம், சுவிட்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அப்பா.

இப்போது பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதுகு தெரியாமல் பட்டதா, கையே அணைத்ததா? கைதான் என்றால், அவ்வளவு சத்தமாக அவர் ஆமென் சொன்னது யாருடைய குரலுக்கு?